பச்சை வட்டத்தை நம்பாதீர்கள்: விஸ்லரில் ஸ்னோபோர்டு ஓட்டப் போகிறவர்களுக்கு

கனடாவில், வான்கூவருக்கு வடக்கே இருக்கும் விஸ்லர் மலையின் வரைபடத்தில் 'பர்ன்ட் ஸ்டூ டிரெயில்' என்று ஒரு பாதை இருக்கிறது. அடிபிடித்த குழம்புப் பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் அந்தப் பக்கம் முகாம் போட்டவர்கள் அடுப்பில் இருந்ததைக் கிளறாமல் விட்டுத் தீய்த்துவிட்டார்கள், அந்த நாற்றம்தான் பெயராக நின்றுவிட்டது என்பார்கள். பச்சை வட்டம் போட்ட பாதை. அதாவது, புதிதாகக் கற்பவர்களுக்கானது.

ஸ்னோபோர்டில் எனக்கு அது ஆறாவது நாள். பச்சைதானே என்று நம்பி ஹார்மனி என்ற, கம்பியில் தொங்கும் நாற்காலி லிஃப்ட்டின் உச்சியிலிருந்து அதில் இறங்கினேன். கொஞ்ச தூரத்தில் தரை சமமாகிவிட்டது, போர்டு நின்றுவிட்டது. ஸ்கீக்காரர்கள் இரண்டு கையிலும் கோலை ஊன்றி என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று எனக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனது. நான் பின்காலைப் பலகையிலிருந்து கழற்றி, அதால் தள்ளிப் பார்த்தேன், மூச்சு வாங்கியது. கடைசியில் இரண்டு காலையும் கழற்றி, போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் வரை புதைந்து புதைந்து நடந்தேன். அந்தக் குளிரிலும் வேர்த்து ஊற்றியது.

விஷயம் இதுதான். பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம் எல்லாம் பெரும்பாலும் சரிவின் கடுமையைச் சொல்கிற குறிகள். சரிவு குறையக் குறைய ஸ்கீக்காரருக்கு வசதி. ஸ்னோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில் கட்டுண்டு கிடக்கின்றன, கையில் கோல் கிடையாது. சமதளம் வந்தால் நாம் கரையில் ஏறிய மீன். ஆகவே, இவ்வளவு பெரிய மலையில் எங்கே போவது, எதைத் தவிர்ப்பது என்று ஸ்னோபோர்டுக்காரரின் கண்ணால் பார்த்துச் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் கோவில்பட்டிக்காரி. வான்கூவரை ஒட்டிய பர்னபியில் கணக்கு எழுதும் வேலை. 41 வயதில், மகளை வகுப்பில் விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருப்பதற்குப் பதில் நாமும்தான் நின்று பார்ப்போமே என்று ஆரம்பித்தது. வீரதீரமெல்லாம் எனக்குக் கிடையாது. நீலச் சதுரத்தில் நிம்மதியாகவும், கறுப்பு வைரம் ஒன்றிரண்டில் பயந்து பயந்தும் இறங்குவேன். அவ்வளவுதான் என் தகுதி.

முதல் இரண்டு நாளுக்கு விஸ்லர் வேண்டாம்

விஸ்லருக்கு வழிகாட்டி எழுதிவிட்டு முதல் யோசனையே 'போகாதீர்கள்' என்பதா? ஆமாம். வான்கூவரை ஒட்டியே சைப்ரஸ், கிரவுஸ், சீமோர் என்று மூன்று மலைகள் இருக்கின்றன. இரவு விளக்கு வெளிச்சத்திலும் ஓட்டலாம், வேலை முடித்துவிட்டுக்கூடப் போகலாம். 2010 குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டுப் போட்டிகள் நடந்ததே சைப்ரஸில்தான். விஸ்லரில் நடந்தது ஸ்கீ. விஸ்லரின் ஒரு நாள் லிஃப்ட் டிக்கெட், கூட்டமான நாட்களில் 200 கனடிய டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். அவ்வளவு காசு கொடுத்துவிட்டு நூறு மீட்டர் சரிவில் நாள் முழுக்க விழுந்து எழுவது வயிற்றெரிச்சல். ஊரிலிருந்து ஒரு வாரம் மட்டும் வந்திருக்கிறீர்கள், விஸ்லரில்தான் தங்கல் என்றால் வேறு வழியில்லை; அப்போது டிக்கெட்டைத் தனியாக வாங்காமல், லிஃப்ட், வாடகைச் சாமான், பயிற்சி மூன்றும் சேர்ந்த தொடக்க வகுப்பாகப் பாருங்கள். எதை வாங்கினாலும் பல வாரம் முன்னதாக இணையத்தில் வாங்குங்கள். வாசலில் போய் நின்று வாங்குவதுதான் இருப்பதிலேயே அதிக விலை.

வகுப்புக்குக் காசு கொடுக்க வேண்டுமா, ஓட்டத் தெரிந்த நண்பர் இருக்கிறாரே என்பீர்கள். எனக்கும் ஒருவர் இருந்தார். நேராக மேலே கூட்டிப்போய், "பயப்படாதீங்க, சும்மா வாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். நான் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தபடியே மலை இறங்கினேன். நன்றாக ஓட்டுபவருக்குத் தான் எப்படி ஓட்டுகிறோம் என்பது மறந்து போயிருக்கும். கனடாவில் ஸ்னோபோர்டு பயிற்றுநர்களுக்கென்றே ஒரு சங்கம் தேர்வு வைத்து நான்கு நிலைகளில் சான்றிதழ் தருகிறது. முதல் நிலைக்காரர் போதும் நமக்கு. எனக்குக் கிடைத்தவன் ஒரு ஆஸ்திரேலியப் பையன், 22 வயது இருக்கும். என் வயதைப் பார்த்தானோ என்னவோ, முதல் அரை மணி நேரம் ஓட்டவே விடவில்லை, விழத்தான் கற்றுக்கொடுத்தான்.

சாமான்

வாடகைக்கு எடுங்கள். முதல் பத்து நாள் சொந்தமாக வாங்காதீர்கள்.

பூட்ஸ்தான் முக்கியம், போர்டு அப்புறம். நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் சற்றுப் பின்வாங்க வேண்டும், குதிகால் மேலே எழும்பவே கூடாது. கடையில் கொஞ்சம் இறுக்கமாகத் தெரிவதுதான் சரியான அளவு. ஒரு வாடகைக் கடையில் "கால் வலிக்காமல் இருக்க" என்று ஒரு அளவு பெரியதாகக் கொடுத்தார்கள், நானும் பெருமையாக வாங்கிக்கொண்டேன். நாள் முழுக்க உள்ளே குதிகால் மேலும் கீழும் ஆடியது. நான் காலைத் திருப்பினால் பூட்ஸ் மட்டும் திரும்பியது, போர்டு திரும்பவில்லை. காலுறை ஒன்றே ஒன்று போதும், மெல்லிய கம்பளி. இரண்டு போட்டால் இரத்த ஓட்டம் நின்று கூடுதலாகக் குளிரும்.

போர்டு நிமிர்த்தி வைத்தால் உங்கள் தாடைக்கும் மூக்குக்கும் நடுவில் வர வேண்டும் என்பது பொதுக்கணக்கு. உயரத்தைவிட எடை முக்கியம் என்பதால் கடையில் எடையைக் கூச்சப்படாமல் உண்மையாகச் சொல்லுங்கள். வளைந்து கொடுக்கும் மென்மையான போர்டாகக் கேளுங்கள். எந்தக் கால் முன்னால்? வீட்டில் காலுறை போட்டுக்கொண்டு மொசைக் தரையில் ஓடிவந்து சறுக்கிப் பாருங்கள், தானாக எது முன்னால் போகிறதோ அதுதான். இடது கால் என்றால் 'ரெகுலர்', வலது கால் என்றால் 'கூஃபி'. இரண்டில் எதுவும் குறை இல்லை. பூட்ஸைப் போர்டோடு பிணைக்கும் பைண்டிங்கை முன்காலுக்கு 15 டிகிரி முன்னோக்கி, பின்காலுக்கு ஆறு முதல் ஒன்பது டிகிரி பின்னோக்கி வைக்கச் சொல்லுங்கள்.

ஹெல்மெட் கட்டாயம் போடுங்கள். மணிக்கட்டுக் காப்பும் போடுங்கள். இரண்டாவதை யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். புதிதாகக் கற்பவர் விழும்போது கையை ஊன்றுவார், ஸ்னோபோர்டில் அதிகம் அடிபடுவது மணிக்கட்டுதான். என் இடது மணிக்கட்டில் மயிரிழை விரிசல், ஆறு வாரம் கட்டு. மாவு பிசைய முடியாமல் கடையில் சப்பாத்தி வாங்கித் தின்றோம்.

உடையில் ஒரே ஒரு விதி: பருத்தி கூடாது. விஸ்லர் கடலுக்குப் பக்கத்து மலை. பனி ஈரமாக, கனமாக விழும். பனியன், ஜீன்ஸ் எல்லாம் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே மெரினோ கம்பளியோ செயற்கை இழையோ, நடுவில் ஃபிலீஸ், வெளியே தண்ணீர் புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும். கையுறை இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள், மதியத்துக்குள் ஒன்று நனைந்துவிடும். காகிள்ஸ் மேகமூட்டத்துக்கான வெளிர்நிறக் கண்ணாடியோடு இருக்கட்டும். கறுப்புக் கண்ணாடி அழகாக இருக்கும், ஆனால் ஜனவரியில் வெயிலைப் பார்ப்பது அபூர்வம்.

தோசைத் திருப்பி

ஸ்னோபோர்டு என்பது விளிம்பு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். போர்டின் இரு நீளப் பக்கங்களிலும் எஃகு விளிம்பு ஓடுகிறது. ஒன்று உங்கள் குதிகால் பக்கம், இன்னொன்று விரல் பக்கம். ஓட்டும்போது பெரும்பாலான நேரம் இந்த இரண்டில் ஏதோ ஒன்றின் மேல்தான் நிற்கிறீர்கள்.

தோசைத் திருப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லின் மேல் அதை லேசாகச் சரித்து, உங்கள் பக்கத்து விளிம்பை அழுத்தி, எதிர் விளிம்பைத் தூக்கியபடி முன்னால் தள்ளினால் சுரண்டிக்கொண்டு வழுக்கும். சரிவைக் கூட்டினால் பிடிப்பு கூடும். குறைத்தால் வேகமாகப் போகும். இதுவே மாறி, தள்ளும் பக்கத்து விளிம்பு கீழே இறங்கிவிட்டால்? டக்கென்று குத்தி நின்றுவிடும், கை மட்டும் முன்னால் போகும். ஸ்னோபோர்டில் கைக்குப் பதில் நாம் போவோம். 'எட்ஜ் கேட்ச்' என்பார்கள். நீங்கள் மலையடிவாரத்தைப் பார்த்து நின்று வழுக்கும்போது விரல் விளிம்பு கீழே தொட்டால் முகம் குப்புற விழுவீர்கள். மலையுச்சியைப் பார்த்து நிற்கும்போது குதிகால் விளிம்பு தொட்டால் மல்லாக்க விழுந்து பின்மண்டை அடிபடும். இரண்டாவது மோசம். எச்சரிக்கை எதுவும் இருக்காது. வழுக்கிக்கொண்டே இருப்போம், அடுத்த கணம் வானம் தெரியும்.

ஆகவே முதல் நாள் முழுக்க ஒரே வேலை. சரிவில் குறுக்காக, அடிவாரத்தைப் பார்த்து நின்று, குதிகால் விளிம்பில் மெதுவாக வழுக்கி இறங்குவது. விரல்களை மேலே தூக்கினால் நிற்கும், கொஞ்சம் தளர்த்தினால் நகரும். பிறகு அப்படியே இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் என்று உதிரும் இலை ஊசலாடுவது போல இறங்குவது. எந்தக் கையை நீட்டுகிறீர்களோ அந்தப் பக்கம் போகும். பிறகு இதையே மலையுச்சியைப் பார்த்து நின்று விரல் விளிம்பில். இது கெண்டைக்காலைக் கொன்றுவிடும். பயமாகவும் இருக்கும், ஏனென்றால் போகிற திசை முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. பலர் இங்கேதான் ஏமாற்றுகிறார்கள். குதிகால் பக்கம் மட்டுமே வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் பாதையிலுள்ள பனியையெல்லாம் வழித்துக்கொண்டு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் நாளே விரல் பக்கம் வரவில்லை என்றால் மூன்றாம் நாளும் அதே சரிவில் இருங்கள்.

திருப்பம் என்பது ஒரு விளிம்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது. நடுவில் ஒரு நொடி போர்டு தட்டையாக, நேராக மலையிறங்கும் கோட்டில் நிற்கும். ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தால் எந்தப் பக்கம் ஓடுமோ அதுதான் அந்தக் கோடு. அந்த ஒரு நொடிதான் பயம். பின்னால் சாய்ந்தால் பத்திரம் என்று உடம்பு சொல்லும். கேட்காதீர்கள். பின்னால் சாய்ந்தால் போர்டின் மூக்கு எடையில்லாமல் தூக்கிக்கொள்ளும், திருப்ப முடியாது, வேகம்தான் கூடும். எடை முன்காலில். முன் முழங்கால், முன் தோள், கண் மூன்றையும் போக வேண்டிய பக்கம் திருப்புங்கள். போர்டு நேராக இறங்கும் வரை பொறுங்கள், அப்புறம் புதிய விளிம்பை மெதுவாக அழுத்துங்கள். அவசரப்பட்டு, போர்டு இன்னும் குறுக்காக இருக்கும்போதே மாற்றினால் மேலே சொன்ன தோசைத் திருப்பி கதைதான். என் மகள் மூன்று வார்த்தையில் சொன்னாள்: "அம்மா, காலைப் பார்க்காதே." கீழே பார்த்தால் கீழேதான் போவோம்.

விழுவதைப் பற்றி அந்த ஆஸ்திரேலியப் பையன் சொன்னது: முன்னால் விழுந்தால் கைகளை மூடிக்கொண்டு முழங்கால், முழங்கை என்று வரிசையாக விழுந்து சறுக்கு. பின்னால் விழுந்தால் தாடையை நெஞ்சில் ஒட்டி, உட்காருவது போல விழுந்து உருளு. எந்தப் பக்கம் விழுந்தாலும் விரலை விரித்துக் கையை ஊன்றாதே. கேட்டேன், தலையாட்டினேன், இரண்டாம் நாள் ஊன்றினேன். எழுந்திருக்க, குப்புறப் புரண்டு மண்டியிட்டு எழுவது எளிது. உட்கார்ந்தபடியே எழப் பார்த்தால் தொடை தீர்ந்துவிடும்.

நாற்காலி லிஃப்ட்

புதியவர்களை மலையைவிட அதிகமாக விழ வைப்பது லிஃப்ட்டிலிருந்து இறங்கும் பத்து மீட்டர்தான். ஏறும்போது முன்கால் மட்டும் கட்டியிருக்க வேண்டும், பின்கால் வெளியே. இறங்குமிடம் வருவதற்கு முன்பே இடுப்பைத் திருப்பி, போர்டை நேராக வையுங்கள். பின் பாதத்தைப் பின் பைண்டிங்கில் ஒட்டினாற்போல் போர்டின் மேல் வையுங்கள். போர்டு பனியைத் தொட்டதும் எழுந்து நின்று, எதிரே தூரத்தில் இருக்கும் ஒரு மரத்தைப் பாருங்கள். எதையும் செய்யாதீர்கள். திருப்பாதீர்கள், நிறுத்தப் பார்க்காதீர்கள், பக்கத்திலிருப்பவரைப் பிடிக்காதீர்கள். தானாக நிற்கும் வரை நேராகப் போங்கள். அங்கே விழுந்தால் சிரித்துக்கொண்டே சீக்கிரம் தவழ்ந்து ஒதுங்குங்கள், அடுத்த நாற்காலி வந்துகொண்டிருக்கிறது. புதியவர் என்று ஏறும்போதே லிஃப்ட் ஊழியரிடம் சொன்னால் வேகத்தைக் குறைப்பார். அதில் வெட்கம் எதற்கு?

இதற்கான ஒற்றைக்கால் பயிற்சியை முதல் நாள் சமதளத்திலேயே அரை மணி நேரம் செய்துவிடுங்கள். முன்கால் கட்டி, பின்காலால் சின்னச் சின்ன அடியாகத் தள்ளுவது. பர்ன்ட் ஸ்டூவில் எனக்கு இல்லாதது இதுதான்.

எந்த நாளுக்கு எந்த இடம்

விஸ்லர், பிளாக்கோம்ப் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மலைகள். விஸ்லர் 1966லும் பிளாக்கோம்ப் 1980லும் திறந்தன, 1997ல் ஒரே நிர்வாகத்துக்கு வந்தன. சேர்த்து 8,171 ஏக்கர், 200க்கு மேற்பட்ட பாதைகள். அடிவாரத்திலுள்ள விஸ்லர் கிராமம் சுமார் 675 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பிளாக்கோம்பின் உச்சி லிஃப்ட் 2,284 மீட்டர் வரை போகிறது. இந்த எண்களைப் பார்த்து மயங்கித்தான் ஆட்கள் முதல் நாளே உச்சிக்குப் போகிறார்கள். உங்களுக்கு முதலில் வேண்டியது ஒரு கல்யாண மண்டப முற்றம் அளவு இடம்.

அது விஸ்லர் பக்கம் ஒலிம்பிக் ஸ்டேஷன். கிராமத்திலிருந்து கொண்டோலாவில், அதாவது கம்பியில் போகும் மூடிய பெட்டியில் ஏறி, பாதி வழி நிலையத்தில் இறங்கிவிட வேண்டும். மேலே போகிற ஆசை வரும், இறங்குங்கள். நகரும் கம்பள லிஃப்ட், மெதுவான சரிவு, வேகமாக வருகிறவர்கள் குறைவு. பிளாக்கோம்ப் அடிவாரத்திலும் இதே போல ஒரு பயிற்சி இடம் உண்டு.

திருப்பங்கள் இரண்டு பக்கமும் ஓரளவு தொடர்ந்து வந்துவிட்டால், கொண்டோலாவில் கடைசி வரை போய், மேலே சாப்பாட்டுக்கூடம் இருக்கும் ரவுண்ட்ஹவுஸில் இறங்கி, எமரால்ட் லிஃப்ட் பக்கம் போங்கள். ஈகோ பௌல், அப்பர் விஸ்கி ஜாக் என்று அகலமான பச்சைப் பாதைகள். பச்சை என்றாலும் போர்டு நிற்காத அளவு சரிவு. நான் திருப்பங்களைத் தொடுத்தது ஈகோ பௌலில்தான். பெயருக்கேற்ப அகந்தையை அங்கே விட்டுவிட்டுத்தான் வந்தேன்.

அதற்கப்புறம்தான் என் சொந்தக் கட்சி: பச்சையிலேயே தங்காதீர்கள். பச்சைப் பாதைகளில் பல, உண்மையில் மலையைச் சுற்றி வெட்டிய குறுகலான சாலைகள். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் பள்ளம், நடுவில் சமதளம், கூட்டம் வேறு. போர்டைக் குறுக்காகத் திருப்ப இடமிருக்காது. இரவு இயந்திரம் ஓட்டிச் சமன்செய்து, வேட்டிக்கரை போல வரிவரியாகக் கிடக்கும் அகலமான நீலச் சதுரப் பாதை, ஸ்னோபோர்டுக்காரருக்கு அந்தப் பச்சையைவிட எளிது. காலை எட்டரைக்கே போய்விட்டால் அந்த வரிகளின் மேல் நீங்கள்தான் முதல் ஆள். பதினொரு மணிக்கு மேல் அது உழுத வயலாகிவிடும்.

சமதளம் தவிர்க்க முடியாமல் வந்தால் என்ன செய்வது? முன்பே தெரிந்து வைத்துக்கொள்வதுதான் பாதி மருந்து. பர்ன்ட் ஸ்டூ ஒன்று, பிளாக்கோம்ப் பனியாற்றிலிருந்து வெளியே வரும் நீண்ட சாலை இன்னொன்று. சமதளத்துக்கு முந்தின சரிவில் பிரேக் போடாமல் வேகத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் போர்டை நேராக, ஏறக்குறையத் தட்டையாக வையுங்கள். ஏதாவது ஒரு விளிம்பில் துளி எடை இருக்கட்டும். முற்றிலும் தட்டையாக ஓட்டினால் எட்ஜ் கேட்ச் ஆகும், அதிகம் சரித்தால் வேகம் செத்துவிடும். மேலும் கீழும் குதிக்காதீர்கள். மெழுகு பூசிய போர்டு காய்ந்த போர்டைவிட நூறு மீட்டர் கூடுதலாகப் போகும், வசந்தகால ஈரப்பனியில் இந்த வித்தியாசம் இன்னும் தெரியும். நிற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் முற்றிலும் நிற்பதற்கு முன்பே பின்காலைக் கழற்றித் தள்ள ஆரம்பியுங்கள். ஸ்கீ நண்பர் கூட வந்தால் அவர் கோலின் நுனியைப் பிடித்துக்கொள்ளலாம். என் கணவர் ஸ்கீக்காரர். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அவர் எனக்கு உருப்படியாகச் செய்த உதவிகளில் இதையும் சேர்க்கலாம்.

இரண்டு மலைகளையும் இணைக்கும் பீக் டு பீக் கொண்டோலாவை ஓய்வு நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2008 டிசம்பரில் திறந்தார்கள். 4.4 கி.மீ. தூரம், அதில் ஏறக்குறைய மூன்று கி.மீ.க்குக் கம்பத்தின் தாங்கல் எதுவுமில்லாமல் வெறும் கம்பியில், கீழே பள்ளத்தாக்கிலிருந்து 436 மீட்டர் உயரத்தில் போகும். பதினோரு நிமிடம், போர்டைக் கையோடு உள்ளேயே கொண்டுபோகலாம். கால் ஓய்ந்து போன மதியத்தில், ரவுண்ட்ஹவுஸில் புளியோதரை டப்பாவைக் காலி செய்துவிட்டு அதில் ஏறி அந்தப் பக்கம் போய், பிளாக்கோம்ப் கொண்டோலாவிலேயே கீழே இறங்கிவிடுவோம். ஒரு மீட்டர்கூட ஓட்ட வேண்டாம்.

பின்னாளில் பாதை ஒன்று கேட்டால், பீக் டு கிரீக். விஸ்லர் உச்சியிலிருந்து கிரீக்சைடு அடிவாரம் வரை சுமார் 11 கி.மீ. தொடை எரிந்து சாம்பலாகும். ஒரு வருடம் கழித்துப் போங்கள். ஆரஞ்சு நிற நீள்வட்டம் போட்டது குதிப்பவர்களுக்கான பார்க். என் வயதுக்கு அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வானம், மரம், கயிறு

வானிலை அறிக்கையில் வெப்பத்தைப் பார்க்காதீர்கள், உறைநிலை உயரத்தைப் பாருங்கள். 1,500 மீட்டர் என்று போட்டிருந்தால் தோராயமாக அதற்குக் கீழே மழை, மேலே பனி. கிராமத்தில் கொட்டும் மழையைப் பார்த்து ஆட்கள் அறைக்குத் திரும்பிப் போகிற நாளில் மேலே அருமையான பனி பெய்துகொண்டிருக்கும். மறுபக்கம், புதியவர்களின் ஒலிம்பிக் ஸ்டேஷன் ஏறக்குறைய 1,000 மீட்டரில்தான் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். அன்றைக்கு நீங்கள் நனைவீர்கள்.

மேகம் இறங்கிவிட்டால் மரமில்லாத உச்சிப்பகுதியில் தரையும் வானமும் ஒரே வெள்ளையாகிவிடும். மேடு எது, பள்ளம் எது, நாம் நகர்கிறோமா நிற்கிறோமா என்றே தெரியாது. ஒருமுறை நான் நின்றுவிட்டதாக நினைத்துக் கையைத் தளரவிட்டேன், உண்மையில் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். அந்த மாதிரி நாளில் மரங்களுக்கு இடையே வெட்டிய கீழ்ப்பாதைகளுக்கு வந்துவிடுங்கள். மரங்களின் கருமை கண்ணுக்கு ஒரு பிடி கொடுக்கும்.

ஆனால் மரங்களுக்குள்ளே போகாதீர்கள். ஊசியிலை மரத்தின் தாழ்ந்த கிளைகள் பனியைத் தடுப்பதால் அடிமரத்தைச் சுற்றி ஒரு பொய்க்கிணறு இருக்கும். தலைகீழாக விழுந்தால் கால் போர்டில் கட்டியிருப்பதால் தானாக வெளியே வர முடியாது, உதிர்ந்த பனி மூடி மூச்சு முட்டும். நல்ல ஓட்டக்காரர்களையே இது கொண்டுபோயிருக்கிறது. கயிறு கட்டியிருந்தால் அதைத் தாண்டாதீர்கள். அந்தப் பக்கம் எத்தனை பேர் ஓட்டிய தடம் தெரிந்தாலும் சரி.

கூட்டத்தில் ஒரே விதிதான் பெரும்பாலும் போதும்: உங்களுக்குக் கீழே இருப்பவருக்குத்தான் வழி உரிமை. அவருக்கு முதுகில் கண் இல்லை. ஓய்வெடுக்க உட்கார்ந்தால் ஓரத்தில் உட்காருங்கள். மேட்டுக்குக் கீழே, மேலிருந்து வருபவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உட்காராதீர்கள். ஸ்னோபோர்டுக்காரர்கள் வரிசையாக நடுப்பாதையில் உட்கார்ந்து கதை பேசுவார்கள் என்று நமக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு, அது பொய்யும் இல்லை.

கடைசி ரன்

ஒருமுறை மேலே போய் இறங்குவதுதான் ஒரு ரன். "இன்னும் ஒரே ஒரு ரன்" என்று சொல்லிப் போகிற அந்த ரன்னில்தான் கால் தளர்ந்து அடிபடுகிறது. குளிர்காலத்தில் லிஃப்ட்டுகள் மதியம் மூன்று, நான்கு மணிக்கெல்லாம் மூடிவிடும். அந்த நேரத்தில் இரண்டு மலையின் கூட்டமும் கிராமத்துக்கு இறங்கும் கீழ்ப்பாதைகளில் நெரியும். பகலில் இளகிய பனி மாலையில் கண்ணாடியாக இறுகியிருக்கும். நான் மூன்று மணிக்கு முன்பே கொண்டோலாவில் உட்கார்ந்து இறங்கிவிடுவேன். அதற்குத் தனி டிக்கெட் கிடையாது, யாரும் கேலி செய்வதும் கிடையாது.

வான்கூவர் திரும்ப 99ஆம் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அக்டோபர் 1 முதல் மார்ச் இறுதி வரை அந்தச் சாலையில் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம், வாடகைக் கார் எடுப்பவர்கள் சாவியை வாங்குமுன் டயரைக் குனிந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரைக்குப் புறப்பட்டால் வழியிலுள்ள ஸ்குவாமிஷ் ஊர் வரை ஊர்வலம்தான். நாங்கள் ஃபிளாஸ்கில் கொண்டுபோன இஞ்சி டீயைக் கார் நிறுத்துமிடத்திலேயே குடித்துவிட்டு, பூட்ஸின் உள்ளுறையைக் கழற்றி ஹீட்டர் காற்று படுகிற மாதிரி முன்சீட்டுக்குக் கீழே வைப்போம். ஈரத்தோடு பையில் போட்டு மூடி, அடுத்த சனிக்கிழமை திறந்து பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. கார் முழுக்க ஒரு வாடை வரும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்.